ஏகாதசியில் எடுத்த அளவு

பூவனூர் ராஜா குமாரவிசயன் சித்திரை வெயிலில் ஆற்றங்கரையில் நின்றார். போன ஆடி வெள்ளம் பெருவழிப் பாலத்தை உப்பு வண்டிகளோடு அடித்துக்கொண்டு போயிருந்தது. புதுப் பாலம் கட்ட வேண்டும்.

"ஒன்பது வளைவு வேண்டும், மகாராஜா" என்றார் தலைமைச் சிற்பி மருதாசாரி.

அமைச்சர் அனந்தராயர் சிரித்தார். "ஒன்பதா? தண்ணீர் எங்கே ஓடுகிறது பாருங்கள், ஓர் ஓரமாக! மற்றதெல்லாம் மணல். மணலுக்கு எதற்கு ஐயா பாலம்? ஐந்து வளைவு போதும். மிச்சமெல்லாம் வீண் கல்."

"அப்படிக் கட்டித்தானே பழைய பாலம் போயிற்று?"

"அது பழசு. அதனால் விழுந்தது."

ராஜாவும் எட்டிப் பார்த்தார். ஆறு முழங்கால் அளவுகூட இல்லை. "ஐந்துதான். நாளைக்குள் ஒப்புக்கொள்ளும். இல்லாவிட்டால் நாட்டை விட்டுப் போம்!"

மருதாசாரி நேரே அரசவை விகடர் கூத்தபிரானிடம் ஓடினார். "ஐந்து கட்டினால் சனங்கள் ஆற்றோடு போவார்கள், சுவாமி. மாட்டேன் என்றால் என் குடும்பம் தெருவில் நிற்கும். நான் என்ன செய்ய?"

"இன்று என்ன திதி?"

"ஏகாதசி."

"நல்லதாகப் போயிற்று. வீட்டுக்குப் போம்."

அன்று மாலை கூத்தபிரான் தையற்காரரோடு அரண்மனைக்குப் போனார். "மகாராஜா, நாளைத் துவாதசி விருந்துக்குப் புது அங்கி. ஓர் அளவு எடுத்துக்கொள்ளட்டுமா?"

ராஜா காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அளவுநூலைக் கண்டதும் மூச்சையும் இழுத்துப் பிடித்துக்கொண்டார். ஒல்லியாகத் தெரிய வேண்டாமா?

வெளியே வந்ததும் தையற்காரர் தயங்கினார். "நாலு விரல் தளர்ச்சி விடுவது எங்கள் வழக்கம், சாமி."

"வீண் துணி! அளந்தபடி தையும். அடி விழுந்தால் என் முதுகில்."

மறுநாள் விருந்து. ராஜா பட்டினி கிடந்தவர் அல்லவா? வடை, அதிரசம், புளியோதரை, மறுபடியும் வடை. மூன்றாவது கிண்ணம் பாயசத்துக்குக் கை நீட்டினார். பட்! பட்! அங்கியின் பொத்தான்கள் பறந்தன. ஒன்று அமைச்சரின் பாயசத்திலேயே போய் விழுந்தது.

"யாரடா அளவெடுத்தது?"

கூத்தபிரான் முன்னால் வந்தார். "நான்தான் எடுக்கச் சொன்னேன். அளவு சரியானதுதான், மகாராஜா. நேற்று மாலை எடுத்தது."

"அட மூடா! வயிற்றை ஏகாதசியில் அளந்தால் ஆயிற்றா? மறுநாள் துவாதசி வராதா?"

"ஆற்றைச் சித்திரையில் அளந்தோமே, மகாராஜா. ஆடி வராதா?"

ராஜா தம் வயிற்றைப் பார்த்தார். அமைச்சரைப் பார்த்தார். பிறகு மிச்சமிருந்த ஒரு பொத்தானும் தெறிக்கும்படி சிரித்தார். தம் முத்துமாலையைக் கழற்றிக் கூத்தபிரான் கழுத்தில் போட்டுவிட்டு மருதாசாரியை அழைத்தார்.

"ஒன்பது போதுமா, ஆசாரியாரே?"

"தாராளமாகப் போதும், மகாராஜா."

ராஜா பாயசக் கிண்ணத்தை ஒருமுறை பார்த்தார்.

"எதற்கும் பத்தாகவே கட்டும்!"