எந்தப் பக்கம் எல்லை?

ஒரு காட்டில், குழந்தைகளே, தென்கோடியில் ஒரு மணலாறு ஓடியது. அதன் கரையில் ஓர் ஆள்காட்டிக் குருவி குடியிருந்தது. அந்நியர் தலை தெரிந்தால் போதும், ஊரைக் கூட்டிவிடும்.

கோடைதோறும் ஆறு வற்றியதும் யானைகள் வந்து மணலில் ஊற்றுத் தோண்டும். அடடா, அந்த நாட்கள்! மானும் மயிலும் முயலும் இடித்துக்கொண்டு குடிக்கும். குருவி வயிற்று இறகுகளை நனைத்துக்கொண்டு போய்த் தன் முட்டைகளைக் குளிர்விக்கும்.

ஓர் ஆண்டு, வடக்கே ஓநாய்களோடு போர் மூண்டது.

"யானைகள் எல்லாம் எல்லைக்குப் போகட்டும்! படைக்குக் குளம் வெட்டட்டும்!" என்று சிங்கராஜா ஆணையிட்டது.

வடக்கே குளத்துக்கு மேல் குளம் வந்தது. புல் செழித்தது. முயல்களுக்குத் தொப்பை போட்டது. தெற்கே வெறும் மணல்தான். மயில் போனது, மான் போனது.

"நீயும் வந்துவிடேன்" என்றது கடைசியாகக் கிளம்பிய முயல்.

"முட்டைகளை விட்டுவிட்டா?" என்ற குருவி, வடக்கே பறந்துபோய்ச் சிங்கத்திடம் முறையிட்டது.

"அரசே, ஒரேயொரு யானையை அனுப்புங்கள். ஓர் ஊற்று போதும். வெயிலில் என் முட்டைகள் வெந்துபோகும்."

"எல்லையில் இருப்பவர்களுக்குத்தான் தண்ணீர். உன் ஊர் எல்லையா என்ன?"

"காட்டுக்கு ஒரு பக்கம்தானா எல்லை, அரசே?"

"உனக்கு வாய் நீளம்!" என்று சிங்கம் அதை விரட்டிவிட்டது.

குருவி திரும்பி வந்து, சிறகை விரித்து முட்டைகளுக்கு நிழல் தந்தபடி நின்றது. ஊற்றில் வழுக்கி விழுந்த மான்குட்டியையும், அதன்மேல் தண்ணீர் பீய்ச்சிச் சிரித்த யானையையும் நினைத்து நினைத்து ஏங்கியது. எவ்வளவு இரைச்சலாக இருந்த இடம்! முட்டைகளில் ஒன்றுகூடப் பொரியவில்லை.

ஒரு மத்தியானம் ஓநாய்கள் காட்டைச் சுற்றிக்கொண்டு தெற்கு வழியாக நுழைந்தன. வடக்கே பார்த்து நின்ற படையின் முதுகில் பாய்ந்தன. குளங்களெல்லாம் பறிபோயின. சிங்கம் தெற்கே தப்பி ஓடிவந்தது.

"ஏ குருவி! எதிரியைக் கண்டால் கத்துவதுதானே உன் வேலை? ஏன் கத்தவில்லை?"

"தொண்டை கட்டும்வரை கத்தினேன், அரசே. முன்பெல்லாம் நான் கத்தினால் மயில் அகவும். அதைக் கேட்டு மான் ஓடும். சேதி உங்கள் குகைவரை வந்துவிடும். இப்போது கேட்பதற்கு இங்கே யார் இருந்தார்கள்?"

நீதி: ஒரு திசையை மட்டும் வாழவைக்கிறவன் எந்தத் திசையையும் காக்க மாட்டான்.