சனிக்கிழமை சாப்பிட்ட பாம்பு

கற்றுக்கொள்ள வந்தவருக்கு வயது ஐம்பத்தாறு. கற்றுக்கொடுத்தவளுக்கு முப்பத்திரண்டு.

வந்தவர் ஆவுடையப்பன். நில அளவைத் துறையில் இருந்து விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு கோயம்புத்தூரில் ஒரு அடுக்குமாடி வீட்டில் குடியிருந்தார். கற்றுக்கொடுத்தவள் ஜெசிந்தா. முன்பு பள்ளியில் விலங்கியல் நடத்தியவள் என்பதால், ஊரில் பாம்பு வளர்க்கிற நாலைந்து பேருக்கும் அவள்தான் டீச்சர்.

பாம்பு கேட்டு வந்தவரிடம் அவள் முதலில் ஒரு காலிக் கண்ணாடிப் பெட்டியைக் கொடுத்தாள். கூடவே இரண்டு வெப்பமானிகள்.

"ஒரு பக்கம் சூடு, ஒரு பக்கம் குளிர்ச்சி. ரெண்டு பக்கமும் ஒளிஞ்சுக்க ஒரு பொந்து. பத்து நாள் சூடு ஏறாம இறங்காம இருந்தா வாங்க."

"பாம்பு?"

"பதினோராம் நாள்."

பதினோராம் நாள் அவர் வந்தார். ஆப்பிரிக்க மலைப்பாம்புக் குட்டி ஒன்றை, அரசாங்கப் பதிவுத் தாளோடு கொடுத்தாள். கரும்பழுப்பில் பொன்திட்டுகள். பயந்தால் தலையை நடுவில் வைத்துப் பந்துபோலச் சுருண்டுகொள்ளும். அதே இனத்தில் வளர்ந்த பாம்பு ஒன்று அவளிடமும் இருந்தது.

ஒரு மாதம் கழித்து ஆவுடையப்பன் கேட்டார். "எப்ப டீச்சர் இது என் கைக்குப் பழகும்?"

"பாம்பு பழகாது சார். கைதான் பழகணும்."

அந்தப் பதில் அவருக்குப் பிடிக்கவில்லை.

நவராத்திரி வந்தது. அவர் மனைவி சிவகாமி வீட்டில் கொலு வைத்தாள். பார்க்க வந்தவர்கள் பொம்மையை விட்டுவிட்டுப் பாம்பைக் கேட்டார்கள். ஒன்பது சாயங்காலமும் அவர் அதை வெளியே எடுத்தார். ஒன்பது சாயங்காலமும் அது பந்தாகச் சுருண்டது. சுண்டல் கிண்ணத்தை மடியில் வைத்துவிட்டு எல்லோரும் கைதட்டினார்கள். அவருக்கு ஏதோ தானே வித்தை காட்டியதுபோல் இருந்தது.

விஜயதசமியோடு பாம்பு சாப்பாட்டை நிறுத்தியது. உறைந்த எலியை வெந்நீரில் சூடாக்கி, இடுக்கியில் பிடித்து வாரா வாரம் நீட்டினார். அது முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஐந்தாவது வாரம் டீச்சரிடம் ஓடினார். கொலுவில் நடந்ததையும் சொன்னார்.

"சுருண்டது வித்தை இல்ல சார். அதுக்குக் கதவு கிடையாது. தன்னையே சுருட்டிக் கதவாச் சாத்திக்குது."

"இப்ப நான் என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்யாதீங்க. உங்களுக்கு அதுதான் கஷ்டம்."

அவர் ஒன்றும் செய்யாமல் இருந்தார். பெட்டிமேல் துணி போர்த்தினார். தண்ணீர் மாற்றினார். எட்டாவது வாரம், ஒரு சனிக்கிழமை, அது எலியைப் பிடித்தது. அவர் அசையாமல் நின்று பார்த்தார். முடிந்ததும் சமையலறைக்குப் போய்ச் சிவகாமியிடம், "சாப்பிட்டுடுச்சு" என்றார்.

"நீங்க இன்னும் சாப்பிடல" என்றாள் அவள்.

மறுநாள் காலை கதவிடுக்கில் ஒரு கடிதம் கிடந்தது. குடியிருப்போர் சங்கச் செயலாளர் வரதராஜுலு எழுதியது. சிலர் பயப்படுகிறார்கள். இன்று மாலை ஆறு மணிக் கூட்டத்துக்குப் பாம்பைக் கொண்டுவந்து, எல்லோர் முன்னாலும் கையில் எடுத்துக் காட்டவும். சாது என்று தெரிந்தால் இருக்கலாம். இல்லையென்றால் ஒரு வாரத்தில் அப்புறப்படுத்தவேண்டும்.

கடிதத்தோடு அவர் டீச்சர் வீட்டுக்குப் போனார்.

"பத்து நிமிஷம்தான் டீச்சர். காட்டிட்டு உடனே வச்சிடுவேன்."

"நேத்து சாப்பிட்டது. செவ்வாய் வரைக்கும் தொடக்கூடாது. எடுத்தா கக்கிடும். எட்டு வாரம் பட்டினி கிடந்த உடம்பு, கக்கினா தாங்காது."

"எடுக்கலைன்னா வீட்டை விட்டே போயிடும்."

ஆவுடையப்பன் வெட்கத்தை விட்டுக் கேட்டார்.

"உங்க பாம்பைக் கொடுங்களேன். அதே நிறம்தான். வளர்ந்துடுச்சுன்னு சொல்லிக்கிறேன். யாருக்கும் தெரியப்போறதில்ல."

திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் எழுந்து உள்ளே போனாள். வாய் கட்டிய துணிப்பை ஒன்றோடு திரும்பி வந்தாள்.

"அடியில கை கொடுத்துப் பிடிங்க. வழியில திறக்காதீங்க."

பை உருண்டையாக, கனமாக, இளஞ்சூடாக இருந்தது.

ஆறு மணிக்கு சங்க மண்டபத்தில் அவர் அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாற்பத்திரண்டு வீட்டுக்காரர்களும் வந்திருந்தார்கள். முன்வரிசை நாற்காலிகளைப் பின்னுக்கு இழுத்துப் போட்டிருந்தார்கள்.

"ம், எடுங்க சார்" என்றார் வரதராஜுலு.

அவர் முடிச்சில் கை வைத்தார்.

பின்னால் இருந்து மூன்றாம் மாடி மைதிலி மாமி சொன்னாள். "கொலுல பாத்தோமே, பந்தா சுருட்டிக்குமே. அதைப் பண்ணச் சொல்லுங்கோ."

நாலைந்து பேர் அதற்குள்ளேயே கைதட்ட ஆயத்தமாகிவிட்டார்கள். ஆவுடையப்பன் அந்தக் கைகளைப் பார்த்தார். அதே கைகள். இதில் நான் யார், பாம்பு வளர்க்கிறவனா, பாம்பாட்டியா என்று நினைத்தார். முடிச்சிலிருந்து விரல் தானாக விலகியது.

"இது என் பாம்பு இல்ல" என்றார்.

பையை மடியிலேயே வைத்துக்கொண்டார்.

"என் பாம்பு வீட்டுல இருக்கு. நேத்துதான் சாப்பிட்டது. செவ்வாய் வரைக்கும் அதை யாரும் எடுக்க முடியாது. நானும் எடுக்கமாட்டேன்."

"அப்ப இதை எதுக்குக் கொண்டு வந்தீங்க?"

"உங்களை ஏமாத்தறதுக்கு."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். வரதராஜுலு சிரிக்கவில்லை. "இதுக்கு மேல என்ன பேச? ஒரு வாரத்துல காலி பண்ணுங்க. பாம்பை."

"பண்ணமாட்டேன். பதிவுத் தாள் இருக்கு. புதன்கிழமைக்கு மேல யார் வேணா வீட்டுக்கு வந்து பாருங்க. பெட்டிக்கு வெளியில நின்னு பாருங்க. கையில எடுத்துக் காட்டமாட்டேன். இனிமே எப்பவுமே காட்டமாட்டேன்."

"சங்கத்தை எதிர்த்து எத்தனை நாள் சார் இருப்பீங்க?"

"அது எட்டு வாரம் பட்டினியா இருந்தது."

தீர்மானம் நிறைவேறியது. கையெழுத்துப் புத்தகம் அவரிடம் வந்தபோது, 'ஏற்கவில்லை' என்று எழுதி, கீழே பெயரும் வீட்டு எண்ணும் போட்டார். பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பைக்கு அடியில் கை கொடுத்துப் பத்திரமாக எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

நேராக டீச்சர் வீட்டுக்குப் போனார். நடந்ததைச் சொன்னார். அவள் பாதி கேட்டபடியே பையின் முடிச்சை அவிழ்த்து மேசைமேல் கவிழ்த்தாள்.

ஒரு பழைய துண்டு விழுந்தது. அதற்குள் சுற்றியிருந்த வெந்நீர்ப் பை ஆறிப்போயிருந்தது.

ஆவுடையப்பன் நாற்காலியில் உட்கார்ந்தார். அவருக்குக் கோபம் வந்தது.

"அத்தனை பேர் முன்னால நான் இதை அவிழ்த்திருந்தா?"

"சிரிச்சிருப்பாங்க."

"மானம் போயிருக்கும் டீச்சர். பாம்பும் போயிருக்கும். கொடுக்க முடியாதுன்னு முகத்துக்கு நேரா சொல்லியிருக்கலாமே. நிஜப் பாம்பையே கொடுத்திருந்தாதான் என்ன?"

"முடியாதுன்னா உங்க பாம்பையே எடுத்திருப்பீங்க." ஜெசிந்தா துண்டை உதறி மடித்தாள்.

"என்னுதும் நேத்துதான் சாப்பிட்டுச்சு சார்."