வளையம் தெரியாத இடம்

ஜெசிந்தா மேடத்திடம் துரைப்பாண்டி உதவிப் பயிற்சியாளராகச் சேர்ந்தது தூத்துக்குடி கூடைப்பந்து வட்டாரத்தில் பெரிய வேடிக்கை. அவருக்கு வயது ஐம்பது. மாநிலத்துக்கே ஆடியவர். மேடத்துக்கு நாற்பதுகூட ஆகவில்லை, மாவட்ட அணியைத் தாண்டி ஆடியதும் இல்லை. ஆனால் மேடம் பழக்கிய பெண்கள் எங்கே போனாலும் கோப்பையோடுதான் திரும்பினார்கள். அதன் சூட்சுமத்தைத் தெரிந்துகொள்ளத்தான் துரைப்பாண்டி வந்திருந்தார். வந்து ஒரு வருஷமாகியும் பிடிபடவில்லை. மனிதர் தலையைப் பிய்த்துக்கொள்ளாத குறை.

மாநிலப் போட்டிக்கு அணியைத் தேர்ந்தெடுக்கும் நாள் வந்தது. மற்றவர்கள் முடிவாகிவிட்டார்கள். மிச்சம் ஒரே இடம். அதற்குக் கனிஷ்கா, பேச்சியம்மாள் என்று இரண்டு பெண்கள். இருவரும் பன்னிரண்டாம் வகுப்பு. போட்டிக்குப் போகிறவளுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரியில் இடம் கிடைக்கும். போகாதவளுக்குப் படிப்பு அத்தோடு சரி. இரண்டு வீட்டிலும் நிலைமை அப்படி.

“இந்தத் தடவை நீங்களே சொல்லுங்க சார்,” என்றார் மேடம்.

“இதுல யோசிக்க என்ன இருக்கு மேடம்? கனிஷ்காதான். கண்ணை மூடிக்கிட்டுப் போட்டாலும் விழும். பேச்சி இந்த வருஷம் போட்டதை விரல் விட்டு எண்ணிடலாம்.”

“சாயங்காலம் ஒரு மேட்ச் வைப்போம். பார்த்துட்டுச் சொல்லுங்க.”

மைதானத்து கேலரியின் கடைசிப் படியில் யாரும் உட்கார மாட்டார்கள். தகரக் கூரை முன்னால் தாழ்ந்து தொங்கும். அங்கிருந்து ஆடுகிறவர்கள் தெரிவார்கள், வளையம் தெரியாது. மேடம் அவரை அங்கேதான் கூட்டிப்போய் உட்கார வைத்தார். கையில் ஒரு வேர்க்கடலைப் பொட்டலத்தையும் கொடுத்தார்.

“மேடம், இங்கேர்ந்து ரிங்கே தெரியலையே!”

“ஆமா சார்.”

“பந்து விழுந்துச்சா இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிக்க?”

“கண்டுபிடிக்க வேண்டாம்.”

அரை மைதானத்தில் ஆட்டம் தொடங்கியது. கனிஷ்கா எறிந்தாள். பந்து கூரை விளிம்புக்கு மேலே போய் மறைந்தது. துரைப்பாண்டி சட்டென்று குனிந்து எட்டிப் பார்க்கப் போனார். மேடம் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

“விழுந்துச்சா?”

“எனக்கும்தான் தெரியலை,” என்று மேடம் கடலையை உரித்தார்.

துரைப்பாண்டிக்கு எரிச்சலாக வந்தது. மைதானத்தில் கைதட்டல் கேட்கும்போதெல்லாம் கால் தானாக எழுந்தது. பிறகு, பார்க்க வேறொன்றும் இல்லாததால், பந்து மேலே போயிருக்கும்போது கீழே என்ன நடக்கிறது என்று பார்க்க ஆரம்பித்தார்.

எல்லோரும் அண்ணாந்து நின்றார்கள். கனிஷ்கா எறிந்த கையைக்கூட இறக்காமல் நின்றாள். பேச்சியம்மாள் மட்டும் அண்ணாந்து பார்க்கவில்லை. எதிரணிப் பெண்ணை முதுகால் மறித்துக்கொண்டு இரண்டு எட்டு நகர்ந்தாள். தவறிய பந்து நேராக அவள் கைக்கு வந்தது. அதைக் கனிஷ்காவிடமே திருப்பிக் கொடுத்தாள். அடுத்த முறையும் அப்படியே நடந்தது. அதற்கடுத்த முறையும்.

உரித்த கடலை துரைப்பாண்டியின் கையிலேயே இருந்தது.

“பந்து அங்கதான் வரும்னு இவளுக்கு எப்படி மேடம் தெரியுது?”

“மூணு வருஷமா எறியிறவ கையையே பார்த்துக்கிட்டு இருக்கா. கனிஷ்காவுக்குக் கை எப்போ பிசகும்னு கனிஷ்காவைவிட அவளுக்குத்தான் நல்லாத் தெரியும்.”

“அப்போ கனிஷ்கா போட்டதுல பாதி, ரெண்டாந்தடவை கிடைச்சுப் போட்டதா?”

“நீங்கதான் பார்த்தீங்க.”

ஆட்டம் முடிந்தது. பெண்கள் தண்ணீர்க் குழாய்க்கு ஓடினார்கள். துரைப்பாண்டி இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை.

“பேச்சி போகட்டும் மேடம். கனிஷ்காகிட்ட நானே சொல்லிடுறேன். அந்தப் பிள்ளை அழும்.”

மேடம் தலையசைத்தார்.

“இவ்வளவு வருஷமா மைதானத்துலதான் கிடக்கேன். இது ஒரு நாள்கூட என் கண்ணுல படலையே, ஏன் மேடம்?”

“தஞ்சாவூர்ல ஒரே மேட்ச்ல நாற்பது பாயிண்ட் போட்டீங்களே சார், அதைச் சொல்லுங்க.”

துரைப்பாண்டியின் முகம் மலர்ந்துவிட்டது. ஊரில் அவரிடம் அந்தக் கதையைக் கேட்காதவர்கள் கிடையாது. மழை நின்று காய்ந்தும் காயாமலும் இருந்த தரை, எதிரணி நெட்டை ஆளின் பெயர், விசில் ஊதியவரின் ஊர், ஜெயித்த பிறகு பரோட்டா சாப்பிட்ட கடை என்று ஒன்று விடாமல் சொன்னார்.

“அன்னைக்கு மிஸ் ஆகலையா சார்?”

“ஆகாம இருக்குமா? நிறைய ஆச்சு.”

“அதையெல்லாம் எடுத்து எடுத்து உங்ககிட்ட கொடுத்தது யாரு?”

“ஒல்லியா ஒருத்தன் இருந்தான் மேடம்...” என்று ஆரம்பித்தார் துரைப்பாண்டி. பெயர் வரவில்லை.