மீதியில் பாதி

கணக்குக்கு ஒரு விடைதான் இருக்கும். ஒரு கணக்கை வைத்து ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அதற்கு விடை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

பெருந்துறைப் பக்கம் ஒரு நூல் மில்லில் கோகிலா வருடக்கணக்காக நின்றுகொண்டே வேலை பார்த்தவள். முழங்காலுக்குக் கீழே நரம்பு சுருண்டு நீலமாகப் புடைத்திருந்தது. உட்கார்ந்து செய்கிற வேலையாகப் பார்க்கச் சொல்லியிருந்தார் டாக்டர். மில்லிலேயே அப்படி ஓர் இடம் காலியானது. ஸ்டோரில் சாமான் எடுத்துக் கொடுக்கும் வேலை. கணக்கில் சின்னதாக ஒரு பரீட்சை வைத்து ஒரே ஒருவரை எடுப்பார்கள். கோகிலாவும், அடுத்த மெஷினில் நிற்கும் ஜெயமேரியும் மட்டும் பெயர் கொடுத்தார்கள்.

கோகிலா எட்டாவதோடு படிப்பை விட்டவள். மகள் ஹர்ஷினி ஆறாவது படிக்கிறாள். அவளுடைய வீட்டுப்பாடத்துக்கு உதவுகிற சாக்கில் தானும் படித்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

ஒரு நாள் ஷிப்ட் முடிந்து வந்தவள், முகம்கூடக் கழுவாமல் மகள் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்தாள். அன்றைக்குப் பின்னக் கணக்கு. 'ஒரு தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தது. காலையில் மூன்றில் ஒரு பங்கு செலவானது. மாலையில் மீதியில் பாதி செலவானது. தொட்டியில் இப்போது எத்தனை பங்கு இருக்கும்?'

கோகிலா மூன்றில் ஒன்றையும் பாதியையும் கூட்டினாள். எழுதுவதும் அடிப்பதுமாக வெகுநேரம் போனது.

"ஆறுல அஞ்சு பங்கு போயிருச்சு. மிச்சம் ஆறுல ஒண்ணு. சரிதானே கண்ணு? இதுக்கு மேல என்னால முடியல."

ஹர்ஷினிக்கு அது தப்பென்று தெரியும். வகுப்பில் டீச்சர் 'மீதியில்' என்ற சொல்லின் அடியில் கோடு போட்டுக் காட்டியிருந்தார். காலையில் செலவானது போக இருப்பது மூன்றில் இரண்டு பங்கு. அதில் பாதி போனால் மிச்சம் மூன்றில் ஒன்று. அவள் அம்மாவின் காலைப் பார்த்தாள். கணுக்காலில் வீக்கம் செருப்பு வாரின் தடத்தோடு பளபளத்தது.

"சரிதாம்மா," என்றாள்.

கட்டிலில் படுத்திருந்த பூபதி, கோகிலாவின் புருஷன், ஐ.டி.ஐ. படித்தவன். அவனுக்கும் தெரியும். முன்பொரு தடவை அவள் கணக்குப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தபோது, "இதுகூட வரலையா உனக்கு?" என்று சிரித்துவிட்டான். அன்றைக்குப் புத்தகத்தை மூடியவள் நெடுநாள் அதைத் தொடவே இல்லை. அந்த நினைப்பில் இன்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

மறுநாள் மில் பஸ்ஸில், கோகிலா அந்தக் கணக்கைக் கொஞ்சம் பெருமையோடு ஜெயமேரிக்குச் சொல்லிக் காட்டினாள். ஜெயமேரி விரலை மடக்கி யோசித்தாள்.

"தப்பு கோகிலா. மீதியில பாதின்னு இருக்குது பாரு. நீ முழுத் தொட்டியில பாதி எடுத்துட்டே. மிச்சம் மூணுல ஒண்ணு."

அவளுக்கு இயல்பிலேயே உரத்த குரல். பின் சீட்டில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். "இவதான் ஸ்டோருக்குப் போறாளாம்," என்றாள் ஒருத்தி. கோகிலா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து வாசலில் நின்றபடியே கேட்டாள்.

"அது தப்புன்னு உங்களுக்கு நேத்தே தெரியுமுங்களா?"

"நீ மறுபடி புத்தகத்த மூடிப்போடுவியோன்னு..." என்று இழுத்தான் பூபதி.

மகளைப் பார்த்தாள். ஹர்ஷினி ஆமென்று தலையை ஆட்டிவிட்டு அழுதாள். கோகிலா கோபப்படவில்லை, கோபப்படவும் தெம்பு வேண்டுமே. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு, "மொதல்ல இருந்து சொல்லு கண்ணு. தப்புன்னா தப்புன்னு சொல்லிரு," என்றாள்.

அதற்குப் பின் தினமும் மகள் சொல்லச் சொல்ல அவள் போட்டாள். பூபதியும் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். பரீட்சை நடந்தது. கொஞ்சம் மார்க் வித்தியாசத்தில் கோகிலாவுக்கே இடம் கிடைத்தது. ஜெயமேரி இன்னும் மெஷின் முன்னால்தான் நிற்கிறாள்.

கணவன் வாய் திறக்கவில்லை. மகள் பொய் சொன்னாள். தோழி பஸ்ஸே கேட்கும்படி உண்மையைச் சொன்னாள். இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: என்னைக் கேட்டால் ஜெயமேரிதான். அவள் வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்த நாற்காலி அவளுக்கு வந்திருக்கும். காதோடு சொல்லியிருக்கலாம் என்பது வாஸ்தவம். ஆனால் வீட்டிலிருந்த இருவரும் கோகிலா தாங்கமாட்டாள் என்று நினைத்தார்கள். திருத்திக்கொள்வாள் என்று நினைத்தவள் ஜெயமேரி ஒருத்திதான். இதைக் கோகிலாவிடமே சொன்னேன். அவள் ஒப்புக்கொண்டாள், பாதிதான். "மேரி செஞ்சது சரிதானுங்க. ஆனா எம்புள்ள மேல தப்புச் சொல்லாதீங்க. இதுக்கு மேல முடியலைன்னு சொல்லிட்டு, சரிதானேன்னு கேட்டேன். அது வேற என்னங்க சொல்லும்?"