கண்ணாடிக்கு வைத்த திருஷ்டிப் பொட்டு

குளத்தங்கரையில் ஒரு குரங்கு இருந்தது. காட்டைச் சுற்றிப் பார்க்க வந்த பள்ளிப் பிள்ளைகள் மறந்துவிட்டுப் போன முப்பட்டைக் கண்ணாடி ஒன்று அதற்குக் கிடைத்தது.

வெள்ளை வெயில் அந்தக் கண்ணாடிக்குள் புகுந்து, மறுபக்கம் ஏழு நிறமாகப் பிரிந்து பாறையில் விழும். ஒரு ஓரம் சிவப்பு, மறு ஓரம் ஊதா. காட்டிலிருந்த குட்டிகள் முறை வைத்து, நாளுக்கு ஒருவராகக் கண்ணாடியைத் திருப்பிப் பார்த்தன. அணில் திருப்பியபோது நிறங்கள் மரத்தில் ஏறின. கீரி திருப்பியபோது ஆமையின் முதுகில் ஊர்ந்தன. அடுத்தது முயல்குட்டியின் முறை. அது முதல் ஆளாக வந்து காத்திருந்தது.

அன்று பார்த்து வானம் மூடிக்கொண்டது. ஒரு நிறமும் விழவில்லை.

குரங்குக்குத்தான் யோசிக்கிற பழக்கமே கிடையாதே! இத்தனை பேர் வாயைப் பிளந்து பார்த்தால் கண் படாமல் இருக்குமா என்று புலம்பியது. கரிக்கட்டையைத் தேய்த்துக் கண்ணாடிக்குத் திருஷ்டிப் பொட்டு வைத்தது. ஒரு பொட்டு போதாதென்று மூன்று பக்கமும் அப்பியது.

மறுநாள் வெயில் சுள்ளென்று அடித்தது. கரி அப்பிய கண்ணாடிக்குள் வெளிச்சம் எப்படி நுழையும்?

"நேத்து வெயில் இல்லை. இன்னைக்குக் கரி மறைக்குது. துடைச்சுக் கொடு, ஒரே ஒரு தடவை திருப்பிப் பார்த்துக்கிறேன்" என்று முயல்குட்டி கெஞ்சியது.

"நீ வந்த அன்னைக்குத்தானே நிறம் போச்சு? உன் முட்டைக் கண்ணுதான் பட்டிருக்கு. இந்தப் பக்கமே வராதே!" என்று குரங்கு விரட்டியது.

குட்டி தன் புதருக்குத் திரும்பிப் போய்விட்டது.

சில நாள் கழித்துக் கண்ணாடி கைதவறிக் குளத்தில் விழுந்தது. குரங்கு தேடி எடுத்தபோது கரியெல்லாம் தண்ணீரோடு போயிருந்தது. ஏழு நிறமும் பாறையில் பளிச்சென்று விழுந்தன. குட்டி சொன்னதுதான் சரி என்று அப்போதுதான் குரங்குக்கு உறைத்தது. வெட்கம் பிடுங்கித் தின்ன, கண்ணாடியோடு முயல்களின் புதருக்கு ஓடியது.

புதர் காலியாக இருந்தது. புல் காய்ந்துவிட்டதால் முயல்கள் மலை தாண்டிப் போய்விட்டதாகப் பக்கத்துக் கௌதாரி சொன்னது.

"குட்டி ஏதாவது சொல்லுச்சா?" என்று குரங்கு கேட்டது.

"கண்ணாடி சரியாயிடுச்சான்னு கேட்டுச்சு. கொஞ்ச தூரம் நானும் கூடப் போனேன், வழியெல்லாம் கொன்றை பூத்திருந்துச்சு. தன் கண்ணு பட்டுடும்னு அது எதையுமே பார்க்கலை. தலையைக் குனிஞ்சே நடந்து போச்சு."

குரங்கு மலையைப் பார்த்துக் கூவிக் கூவி அழைத்தது. பதில் வரவில்லை. கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு அழுதது.

காரணம் தெரியாத ஒன்றுக்கு அடுத்தவர்மேல் பழி போடாதீர்கள். உண்மை தெரிந்து மன்னிப்புக் கேட்க ஓடும்போது, அவர் அந்தப் பழியைச் சுமந்துகொண்டு வெகுதூரம் போயிருப்பார்.