மகுடத்துக்குப் பத்து நாள் ஓய்வு

கனகசேன மகாராஜாவுக்குத் தலைவலி. இன்று நேற்று வந்ததல்ல. பட்டம் சூட்டிய நாளிலிருந்து கூடவே குடித்தனம் நடத்துகிற வலி. அந்த வம்சத்தில் ஒரு வழக்கம் உண்டு. பட்டத்துக்கு வருகிற ஒவ்வொருவரும் மகுடத்தில் கொஞ்சம் தங்கம் சேர்க்க வேண்டும். பதினோரு பேர் சேர்த்துச் சேர்த்து அது வெண்கலப் பானை கனம் கனத்தது. ஆனால் மகுடத்தைக் குறை சொன்னால் நாடுகடத்தல். யார் வாயைத் திறப்பார்கள்?

ஒருநாள் ராஜா சீறினார். "எண்ணெய் தேய்த்தாயிற்று, பற்றுப் போட்டாயிற்று, ஆவி பிடித்தாயிற்று. ஒன்றுக்கும் கேட்கவில்லை! மாசிலாமணி, பத்து நாளில் வலி போகவேண்டும். இல்லாவிட்டால் இந்த மூன்று வைத்தியர்களோடு நீயும் நாட்டைவிட்டுக் கிளம்பு!"

அவையைச் சிரிக்கவைப்பதே மாசிலாமணியின் வேலை. வைத்தியம் அவனுக்குச் சுத்தமாகத் தெரியாது. ஆனால் சிகிச்சை முடிந்த கையோடு ராஜா தலையைத் துடைத்து மகுடத்தை மாட்டிக்கொள்வதைப் பலமுறை பார்த்திருக்கிறான்.

"மூன்றையும் சேர்த்துச் செய்வோம், மகாராஜா. காலையில் எண்ணெய், மத்தியானம் பற்று, சாயங்காலம் ஆவி. நடுவே இடைவெளியே கூடாது, தலையைத் துடைக்கவும் கூடாது!"

வைத்தியர்கள் கொதித்தார்கள். அடுத்தவர் கைபட்ட தலையை அவர்கள் தொடமாட்டார்களாம். மாசிலாமணி ஒவ்வொருவரையும் தூண் மறைவுக்கு இழுத்துப்போனான்.

"ஐயா, மற்ற இரண்டும் சும்மா ஒப்புக்கு. உங்களுடையதுதான் வைத்தியம்!"

மூன்று பேரிடமும் இதையேதான் சொன்னான். மூன்று பேரும் மீசையை முறுக்கிக்கொண்டு வந்தார்கள்.

ராஜா எண்ணெய் வழிய வழிய, நெற்றியில் சுக்குப் பற்றோடு, போர்வைக்குள் வியர்த்துக்கொண்டே அரசாண்டார். தூதர்கள் போர்வையைக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். பத்தாம் நாள் சாயங்காலம் போர்வையை உதறிவிட்டுக் குதித்தார். "வலி போயே போச்சு!"

"என் எண்ணெய்!" "என் பற்று!" "என் ஆவி!"

"நிறுத்துங்கள்! மாசிலாமணி, யாருடைய வைத்தியத்துக்குக் கேட்டது?"

மாசிலாமணி மனசுக்குள் கணக்குப் போட்டான். உண்மையைச் சொன்னால் நாடுகடத்தல். சொல்லாவிட்டால் நாளைக்கே மகுடமும் ஏறும், வலியும் ஏறும்.

"மூன்றுக்கும்தான், மகாராஜா. கூடவே இன்னொரு நல்ல காரியமும் நடந்தது. பாவம், நம் மகுடம்! இத்தனை வருஷம் உங்கள் தலையைத் தாங்கித் தாங்கிக் களைத்துப்போயிருந்தது. பத்து நாள் ஓய்வெடுத்தது. தினமும் கொஞ்சம் ஓய்வு கொடுத்தால் அதுவும் பிழைக்கும், நாமும் பிழைப்போம்."

ராஜா மகுடத்தைக் கையில் தூக்கினார். கை தொய்ந்தது. பிறகு குலுங்கக் குலுங்கச் சிரித்தார்.

"அடே கெட்டிக்காரா! உனக்கு மரியாதை செய்யாமல் விடமாட்டேன். நாளை முழுக்க இது உன் தலையில் இருக்கட்டும்!"

மாசிலாமணி தடாலென்று காலில் விழுந்தான்.

"மகாராஜா, அதற்குப் பதில் என்னை நாடுகடத்திவிடுங்கள்!"