நொச்சிக் கிளையைப் பிடுங்கிய கீரி

காட்டுக்கும் மலையடிப் புல்வெளிக்கும் நடுவே ஒரு சதுப்பு கிடந்தது. மண் உறுதியாக இருக்கும் இடங்களில் விலங்குகள் வெள்ளைக் கற்களை வரிசையாக வைத்திருந்தன. கல்லைப் பார்த்துக் கால் வைத்தால் அக்கரை சேரலாம்.

மழை பெய்தால் மண் இளகும், வழி மாறும். அப்போது யாராவது கற்களை மாற்றி வைப்பார்கள். அதற்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. மாற்றுபவர் கரையில் ஒரு நொச்சிக் கிளையை நட வேண்டும். அது நிற்கும்வரை வேறு யாரும் கல்லைத் தொடக்கூடாது, கடக்கவும் கூடாது. நட்டவர்தான் அதைப் பிடுங்க வேண்டும். கிளை இல்லாதபோது எத்தனை பேர் வேண்டுமானாலும் சேர்ந்தே போகலாம்.

ஒருநாள் பெருமழை ஓய்ந்தது. ஆமை கிளையை நட்டுவிட்டு, கற்களை மூக்கால் தள்ளித் தள்ளி இடப்பக்கமாக மாற்றிக்கொண்டே போனது.

கரையில் மான் தன் குட்டியோடு காத்திருந்தது. இந்தப் பக்கத்துப் புல்லெல்லாம் அழுகிவிட்டது. குட்டி பசியில் முனகியது.

அப்போது கீரி வந்தது. "ஏன் அக்கா நின்றுவிட்டீர்கள்?"

"ஆமை அண்ணன் கல் மாற்றுகிறார்."

"அவரா! அவர் முடிப்பதற்குள் உங்கள் குட்டிக்குக் கொம்பே முளைத்துவிடும்! வலப்பக்கம் நல்ல மேடு இருக்கிறது. காலையிலேயே பார்த்துவிட்டேன். பின்பாதிக் கற்களை மாற்றினாலே போதும்."

"கிளை நிற்கிறதே, தம்பி!"

"குச்சிதானே! என் காலைப் பிடித்தா இழுக்கும்?"

கீரி தாவி ஓடியது. முன்பாதியை ஆமை ஏற்கெனவே மாற்றிவிட்டதை அது கவனிக்கவில்லை. ஆமையோ இன்னொரு கல் தேடிக் கோரைக்குள் போயிருந்தது. கீரி பின்பாதிக் கற்களை வலப்பக்கம் உருட்டி வைத்தது. வந்த வேகத்தில் தாவித் திரும்பி, கிளையையும் பிடுங்கி எறிந்தது.

"வேலை முடிந்தது, போங்கள் அக்கா!"

மான் தயங்கியது. ஆனால் கிளை இல்லை. குட்டி முன்னால் ஓடிவிட்டது.

நடுவழியில் ஆமையின் கடைசிக் கல் இடப்பக்கம் இருந்தது. கீரியின் முதல் கல் வலப்பக்கம் இருந்தது. இடையில் வெறும் சேறு. குட்டி அதில் கால் வைத்தது.

"அம்மா!"

மான் கழுத்தை நீட்டியது. எட்டவில்லை. அலறல் கேட்டு ஆமை கோரையை விலக்கிக்கொண்டு வந்தபோது, சேற்றின் மேல் குமிழிகள் மட்டுமே இருந்தன.

கீரி கரையிலிருந்து கத்தியது. "அண்ணே, என் வழி சரியான வழிதான்! சத்தியமாக!"

"உன் வழியும் சரி, என் வழியும் சரி," என்றது ஆமை. "பாதி உன்னுடையது, பாதி என்னுடையது என்று ஆனபோதுதான் அது வழியாக இல்லாமல் போயிற்று. அந்தக் கிளையால் யாரையும் தடுக்க முடியாது என்பது எனக்கும் தெரியும், தம்பி. நீ நிற்பாய் என்று நம்பித்தான் நட்டேன்."

மான் பொழுது சாயும்வரை அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றது.

பொதுவான ஒன்றில் ஒருவர் கை வைத்திருக்கும்போது மற்றவர் பொறுத்திருக்காவிட்டால், இருவர் செய்த நன்மையும் சேர்ந்தே கேடாக முடியும்.